ஐந்தாவது பெயர்

மான்செஸ்டரில், செவ்வாய் இரவுப் பந்தயங்களுக்கு
மணி அடிப்பவன் நான்.
கடைசிச் சுற்று என்று சொல்லும் மணி.
சம்பளம் கிடையாது. ஒரு தேநீர், இரண்டு பிஸ்கட்,
பார்க்கிங் இலவசம்.

அவள் முதன்முதல் பதிய வந்தபோது
பதினாறு வயது, பல்லில் கம்பி.
பெயர் கேட்டேன்.
பிரையனி என்றாள்.
என் காதில் பிரியாணி என்று விழுந்தது.
எழுதியும் விட்டேன்.
அன்றைய முடிவுத் தாளில்
மூன்றாம் இடம்: பிரியாணி ஹார்க்ரீவ்ஸ், ஓல்டம்.
கோபப்படவில்லை. அதைக் கத்தரித்து
சைக்கிள் பெட்டி மூடியில் ஒட்டிக்கொண்டாள்.

இருநூற்றைம்பது மீட்டர் மரத்தளம்,
வளைவில் சுவர்போல் எழுந்து நிற்கும்.
வண்டிக்கு பிரேக் இல்லை.
சும்மா உருளவும் விடாது;
சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும்.
செக்கு மாடு, என்றாள் என் மனைவி
ஒரே ஒருமுறை பார்க்க வந்தபோது.
செக்கிலாவது எண்ணெய் வரும்.
நான் பதில் சொல்லவில்லை.
பிரையனி அந்நேரம் வளைவின் உச்சியிலிருந்து
கீழே பாய்ந்துகொண்டிருந்தாள்,
பருந்துபோல் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்,
பரண்மேலிருந்து அண்டா சரிவதுபோல்,
எல்லோரும் திரும்பும்படி.

நாட்டு அணியில் அவள் ஐந்தாமவள்.
நால்வர் ஓட்டும் பந்தயத்துக்கு
ஐந்தாவதாய் ஒரு பெயர் தேவைப்படும்,
யாருக்காவது காய்ச்சல் கண்டால்,
யாருக்காவது முழங்கால் வீங்கினால்.
மூன்று ஆண்டுகள்
தோழியரின் உடல்நலத்தை
அவளைப்போல் விசாரித்தவர் இல்லை.
உண்மையான அக்கறைதான்.
அதுதான் கொடுமை.
ஒரு தகுதிச்சுற்றில் மட்டும் ஓட்டினாள்.
மறுநாள் மேடையில் நால்வர் ஏறினர்.
அவர்களின் காலணிகளை வைத்துக்கொண்டு
கீழே நின்றாள்; கை நிறைந்திருந்ததால்
தட்ட முடியவில்லை.

பிறகு தார்ச்சாலை.
வடக்கு பிரான்சில் ஒரு சிறு அணி,
சம்பளம் என் பார்க்கிங் சலுகைக்குச் சற்று மேல்.
வேலை, தலைவிக்குத் தண்ணீர் சுமப்பது.
ஜெர்சிக்குள் ஆறு பாட்டில், முதுகில் திமில்,
காருக்கும் கூட்டத்துக்கும் இடையே
நாள் முழுக்க.
மழையில், கல் பாவிய ஒரு வயல்பாதையில்
காறை எலும்பு முறிந்தது.
எனக்கு எக்ஸ்ரே படம் அனுப்பினாள், கீழே ஒரு வரி:
பாட்டில் உடையவில்லை.

பன்னிரண்டு ஆண்டில் ஒரு வெற்றி.
பெத்யூனில், தலைவியின் டயர் வெடித்த பிற்பகல்.
நின்று காத்திரு என்று காதுக் கருவியில் சொன்னார்களாம்.
கேட்கவில்லை என்றாள்.
கேட்டிருக்கும்.
என் மணிக்கு ஒருநாளும் பிந்தாத காது அது.
பரிசு ஒரு பூங்கொத்து, ஒரு பெரிய பாலாடைக்கட்டி.
அடுத்த ஆண்டு ஒப்பந்தம் இல்லை.

சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லைக்கே வந்தாள்.
முப்பத்து மூன்று வயது. பகலில் ஓல்டமில்
ஓட்டுநர் பள்ளி; பிரேக் மிதிக்கக்
கற்றுக்கொடுக்கிறாளாம்.
போன மாதம், இதுதான் கடைசி என்றாள்.
நாற்பது சுற்றுப் பந்தயம்.
எண் பலகை பழுது, என் கண்ணாடியில் தேநீர் ஆவி,
வேண்டுமென்றே என்று நினைக்காதீர்கள்,
ஒரு சுற்று தவறி எண்ணிவிட்டேன்.
நாற்பதில் அவள்தான் முன்னே.
அப்போதுதான் நான் மணி அடித்தேன்.
நாற்பத்தோராவதில்
பள்ளிக்கூடப் பிள்ளைகள் நால்வர்
அவளைத் தாண்டிப் போனார்கள்.

மேசைக்கு வந்தாள், மூச்சு வாங்க.
மன்னித்துவிடு, என்றேன்,
ஒன்று கூடிவிட்டது.
தெரியும், என்றாள், நானும் எண்ணிக்கொண்டுதான் வந்தேன்.
பிறகு ஏன் ஓட்டினாய் என்று கேட்க
வாய் திறந்தேன்.
அதற்குள் என் தட்டில் மிச்சமிருந்த பிஸ்கட்டை எடுத்து
தேநீரில் நனைத்தாள்,
என் தேநீரில்.